தண்ணீர் போகும் வழி, ஆள் போகும் வழி

பாதை வேலை பழக விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, மழை பெய்யும்போது வாருங்கள் என்பதுதான். வெயில் நாளில் எல்லாப் பாதையும் நல்ல பாதையாகத்தான் தெரியும். ஒரு மணி நேரம் விடாமல் பெய்த பிறகு மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு அதே பாதையில் மெல்ல இறங்கிப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே பாதையையே வாய்க்காலாக்கி ஓடுகிறது, எந்தப் படியின் அடியை அரிக்கிறது என்பதெல்லாம் காலடியிலேயே தெரியும். அடுத்த இரண்டு மாதத்துக்கு என்ன வேலை என்பதை அந்த ஒரு நடை சொல்லிவிடும்.

நான் வேலை பார்ப்பது சுவிஸின் ஊரி ஏரியைச் சுற்றிப் போகும் ‘வெக் டெர் ஷ்வைட்ஸ்’ பாதையில். லூசேர்னிலிருந்து வரும் பெரிய ஏரியின் தெற்குக் கை இது. பாதை மேற்குக் கரையில் ரூட்லி புல்வெளியில் தொடங்கி, செலிஸ்பெர்க் ஏறி, பவென் கிராமத்துக்கு இறங்கும். பிறகு இஸ்லெட்டன், ஸேடோர்ஃப், ஃப்ளுவெலன் என்று தெற்கு முனையைச் சுற்றி, கிழக்குக் கரையில் டெல் சிற்றாலயத்தையும் ஸிஸிக்கோனையும் கடந்து, மோர்ஷாக் ஏறி ப்ருன்னனில் முடியும். மொத்தம் 35 கிலோமீற்றர். 1291இல் மூன்று பள்ளத்தாக்குக்காரர் ரூட்லியில் கூடிச் சத்தியம் செய்தார்கள் என்பது இந்த நாட்டின் பிறப்புக் கதை. அதன் 700ஆவது ஆண்டுக்காக 1991இல் இந்தப் பாதையைத் திறந்தார்கள்.

நாட்டில் வசிப்பவர் தலைக்கு 5 மில்லிமீற்றர் என்று கணக்குப் போட்டு, சனத்தொகைப்படி கன்டோன் என்ற ஒவ்வொரு மாநிலத்துக்கும் பாதையில் ஒரு நீளம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டாட்சியில் சேர்ந்த வரிசைதான் பாதையின் வரிசை. ஊரியும் ஷ்வீஸும் உன்டர்வால்டனும் முதலில் வரும். 1979இல் சேர்ந்த யூரா கடைசியில் வரும். அப்பென்சல் இன்னர்ரோடனுக்கு எழுபது மீற்றர் அளவு. சூரிச்சுக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர். ஒவ்வொரு எல்லையிலும் கன்டோன் பெயர் பொறித்த கல் இருக்கும். விடுமுறையில் வருகிறவர்கள் அதனோடு நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது வேலை விலாசம். “சூரிச்சில் படி பெயர்ந்துபோச்சு, பேர்னில் மரம் விழுந்து கிடக்கு” என்று காலையில் யாராவது சொன்னால், எந்த வளைவு, எந்தச் சாமான் கொண்டு போகவேண்டும் என்று உடனே விளங்கிவிடும்.

பாதை வேலை என்றால் பெரும்பாலும் தண்ணீர் வேலைதான். நடப்பவர்களின் கால் பாதையைக் கெடுப்பதைவிட, ஒழுங்காக வெளியேறாத தண்ணீர் பத்து மடங்கு கெடுக்கும். நான் பிறந்த யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஆறு கிடையாது. கிணற்றில் இறைத்த தண்ணீரை வாய்க்காலில் விட்டு, வெங்காயப் பாத்தியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது பள்ளிக்கூடம் போகுமுன் செய்யும் வேலை. மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து வைத்தால் தண்ணீர் திரும்பும். வைக்கும் சரிவு பிழைத்தால் வரம்பை உடைத்துக்கொண்டு போகும். அங்கே வந்த தண்ணீரை வீணாக்காமல் பாத்திக்குள் நிறுத்துகிறோம், இங்கே அதைப் பாதையில் நிற்கவிடாமல் வெளியே அனுப்புகிறோம். கையின் அசைவு ஒன்றேதான். தோட்டம் கொத்திய பிள்ளைகள் இந்த வேலைக்கு வந்தால் கெதியில் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் நம்புவது அதனால்தான்.

எனக்கு இதைப் பழக்கிய பெரியவர் ஊரியிலேயே பிறந்து மாடு வளர்த்தவர். புல் வெட்டும் காலம் தவிர்ந்த நேரத்தில் பாதை பார்ப்பார். அதிகம் கதைக்கமாட்டார். நடந்துகொண்டே போவார், ஒரு குறுக்கு வாய்க்காலைக் கண்டால் நிற்காமல் சப்பாத்துக் குதியால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுப்பார். சேர்ந்திருந்த மண்ணும் இலையும் வெளியே போய்விடும். அந்த இழுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அடிமட்டத்தைத் தோண்டக்கூடாது, வெளிவாயில் மட்டும் சற்று அழுத்தி விரிக்கவேண்டும். வருஷம் முழுக்க இப்படி நடையோடு நடையாகச் செய்தால் மண்வெட்டி எடுக்கும் வேலை பாதியாகக் குறையும். நடப்பவர்களுக்கும் இதைச் சொல்வேன். அடைத்த வாய்க்காலைக் கண்டால் ஒரு தரம் காலால் இழுத்துவிட்டுப் போங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

குறுக்கு வாய்க்காலைப் பாதைக்கு நேர்க்குறுக்காக வைக்கக்கூடாது. நேராக வைத்தால் தண்ணீர் கட்டையில் மோதி நிற்கும், கொண்டுவந்த மண்ணை அங்கேயே போடும். இரண்டு மழையில் தூர்ந்துவிடும். மூன்றாவது மழை மேலால் ஏறி ஓடும். 45 பாகை அளவு சாய்த்து வைத்தால் தண்ணீர் வேகம் குறையாமல் திரும்பும், தன் மண்ணைத் தானே சுமந்துகொண்டு போகும். அது வெளியே விழும் இடத்தில் கைப்பிடி அளவு கற்களை நெருக்கிப் பதிக்கவேண்டும். அதை விட்டால் பாதையின் விளிம்பு அங்கிருந்து அரிக்கத் தொடங்கும். ஏற்றம் கூடக் கூட வாய்க்கால்களை நெருக்கமாக வைக்கவேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் புதியவர்கள் திகைப்பார்கள். ஈரம் தெரியும் இடத்தில் வெட்டிப் பயனில்லை. ஈரம் தொடங்கும் இடத்துக்கு நாலு அடி மேலே வெட்டவேண்டும்.

ஒருமுறை எங்களோடு வேலை பழக வந்த பெடியன் ஒருவன் செலிஸ்பெர்க் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குட்டையைக் கண்டு, வாளி வாளியாகச் சரளை கொண்டுவந்து நிரப்பி, தட்டி, வடிவாக மட்டப்படுத்தி வைத்தான். அடுத்த கிழமை குட்டை இரண்டு மீற்றர் கீழே நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏரிப்பக்க விளிம்பில் குந்தி, அங்கே புல்லும் மண்ணும் சேர்ந்து உயர்ந்திருந்த சின்ன வரம்பை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டித் திறந்தார். தண்ணீர் வடிந்தது. பிறகு அந்த வரம்பை முழு நீளத்துக்கும் எடுக்கும்படி பெடியனிடம் மண்வெட்டியைக் கொடுத்தார். பாதையின் முகம் எப்போதும் பள்ளப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கவேண்டும்; ஒரு மீற்றர் அகலத்துக்கு மூன்று நாலு சென்ரிமீற்றர் போதும். அதற்கு மேல் சாய்த்தால் நடப்பவரின் கணுக்கால் நோகும். பெரியவர் அதைப் பார்க்க மட்டப்பலகை வைப்பதில்லை. போத்தலில் மிஞ்சிய தேத்தண்ணியைப் பாதையின் நடுவில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு நேரத்தில் விளிம்பைத் தொடுகிறது என்று பார்ப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான் பார்க்கிறேன்.

ஏரி மட்டம் 434 மீற்றர். செலிஸ்பெர்க் சுமார் 800 மீற்றர். ஏறிய அவ்வளவையும் பவெனுக்கு இறங்கவேண்டும், அதுவும் படிகளில். இந்தப் பாதையில் அதிகம் கை வைத்த இடம் என்று கேட்டால் இந்த இறக்கத்தைத்தான் சொல்வேன். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி மிதிமட்ட அகலத்தைக் கூட்டினால் 62, 63 சென்ரிமீற்றர் வரவேண்டும். சாதாரண மனிதரின் ஓர் எட்டு அவ்வளவுதான். உயரம் 15 முதல் 18க்குள் இருந்தால் கிழவர்களும் சிரமமில்லாமல் இறங்குவார்கள். மலை இதற்கெல்லாம் இடம் கொடுக்காத இடங்களில் இரண்டு படிக்கு நடுவே நீண்ட மிதிமட்டம் ஒன்றை வைத்து அடுத்த படியில் கால் மாறும்படி செய்வோம். எப்போதும் ஒரே காலால் இறங்கினால் முழங்கால் போய்விடும்.

மரப்படிக்கு லார்ச், செஸ்நட் அல்லது ஓக். மலிவு என்று ஸ்ப்ரூஸ் வைத்தால் மண்ணுக்குள் சில வருஷத்திலேயே உளுத்துவிடும். கட்டையின் இரண்டு முனையும் பக்கத்துக் கரைக்குள் ஒரு சாண் போயிருக்கவேண்டும். இல்லையென்றால் தண்ணீர் முனையைச் சுற்றி வழி தேடி, கட்டையை அந்தரத்தில் விட்டுவிடும். கட்டைக்குப் பின்னால் நிரப்புவது மண் அல்ல, உடைகல். மிதிமட்டம் முன்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் சாய்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது, உறையவும் உறையாது.

முடித்த படிகளைப் பெரியவர் பார்க்கும் விதம் தனி. முதுகில் சுமையோடு மேலிருந்து கீழே, கண்ணைப் பாதையில் வைக்காமல் ஏரியைப் பார்த்தபடி இறங்குவார். எந்தப் படியில் கால் தயங்குகிறதோ அதில் ஒரு சுள்ளியை வைத்துவிட்டுப் போவார். சுள்ளி வைத்த படியைப் பெயர்த்துத் திரும்ப வைக்கவேண்டும். இன்னொன்றும் அவரிடம் கற்றது: படிக்குப் பக்கத்தில் புல் செத்து மண் தெரிந்தால் ஆட்கள் படியை விட்டுவிட்டுப் பக்கத்தால் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். அதற்கு ஆட்களைத் திட்டிப் பயனில்லை. படி உயரமாக இருக்கும், அல்லது மிதிமட்டம் வழுக்கும். வேலி கட்டி மறிப்பதைவிடப் படியைத் திருத்துவதுதான் வேலை.

கல் மதில் பற்றி எழுதத் தொடங்கினால் இடம் போதாது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கல்லின் நீளப்பக்கம் மலைக்குள் போகவேண்டும், முகத்துக்கு வடிவாகத் தெரியவேண்டும் என்று நீளமாகப் படுக்கவைக்கக்கூடாது. ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லில் உட்காரவேண்டும். மதில் மலைப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும். பின்னால் போடும் சிறுகல்லை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டாமல் கையால் ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும். சீமெந்து போடமாட்டோம். சீமெந்து மதிலின் பின்னால் தண்ணீர் தேங்கி, குளிரில் உறைந்து, மதிலை முன்னே தள்ளும். காய்ந்த கல் மதில் தண்ணீரை நூறு இடுக்கால் விட்டுவிடும். பெரிய கல்லை நகர்த்த அலவாங்கு. அலவாங்கின் அடியில் சின்னக் கல்லை வைத்து நெம்பும்போது உடம்பின் பாரத்தைத்தான் கொடுக்கவேண்டும், தோளின் பலத்தை அல்ல. தோளால் வேலை செய்கிற இளம் ஆட்கள் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவார்கள். எழுபது வயதில் பெரியவர் பின்னேரம்வரை களைக்காமல் நிற்பார்.

பாதையில் தார், சீமெந்து போடாமல் இருப்பதற்குச் சட்டமும் உண்டு. நடைபாதைகளையும் வாண்டர்வெக் என்ற நடைப்பயணப் பாதைகளையும் காப்பது பற்றி 1979இல் நாடு முழுக்க வாக்கெடுத்து அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 1985இல் சட்டம் வந்தது, 1987இல் நடைமுறைக்கு வந்தது. பாதை ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்று கொடுக்கவேண்டும். தாரும் சீமெந்தும் போட்ட மேற்பரப்பு வாண்டர்வெக்குக்கு ஏற்றதல்ல என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இதன் வேர் எங்கள் ஊரி கன்டோனிலேயே இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் க்ளவுசன் கணவாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன யோஹான் யாக்கோப் எஸ் என்ற ஆசிரியர், மோட்டார் வண்டிகளால் தெருவில் நடக்கவே முடியாமல் போனதைக் கண்டு, நடப்பவர்களுக்கென்று தனி வழி வேண்டும் என்று புறப்பட்டார். 1934இல் அதற்கான சங்கம் உருவானது. மஞ்சள் வழிகாட்டிப் பலகை அங்கிருந்து வந்ததுதான். இன்று அந்த மஞ்சள் 65,000 கிலோமீற்றருக்குப் பரந்திருக்கிறது.

நான் பிறந்த ஊர்ப் பக்கத்திலும் கரையோர நெடுநடை உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரம் கதிர்காமம் போகும் பாதயாத்திரை. அங்கே பலகை கிடையாது. முன்னே போகும் சாமியும் பழகிய கிழவிகளும்தான் வழி. தண்ணீர் எங்கே, எந்தக் கோவிலில் தங்கல், எந்தக் களப்பை எந்த இடத்தில் கடப்பது என்பதெல்லாம் அவர்களின் வாயில் இருக்கும். இங்கே ஒருவர் தன்னந்தனியே, பாஷை தெரியாமல்கூட 35 கிலோமீற்றர் நடந்து முடிக்கலாம். கூட வராத ஒருவரின் கைதான் அவரைக் கூட்டிப்போகிறது. எனக்கு இந்த வேலையில் பெருமை என்றால் அதுதான்.

அந்தக் கை பிழைக்கக்கூடாது. பலகையில் போடும் நேரம், சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற நடையில், ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிட்டது. இளைப்பாறும் நேரம் அதில் இல்லை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் பாதியளவு நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். முழு மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. மஞ்சள் பலகையின் நுனி வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. நல்ல சப்பாத்தும் தலைசுற்றாத மனமும் வேண்டும். நீலப்பலகை மலையேறத் தெரிந்தவர்களுக்கு. வெள்ளைத் தகட்டில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் இருக்கும். ஆபத்தில் உதவிக்கு அழைத்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், ஆள் தேடி வருவது லேசு.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே மரத்திலும் கல்லிலும் மஞ்சள் சாய்சதுரம். இதை வரைவது சின்ன வேலை என்று எண்ணவேண்டாம். முதலில் கம்பித் தூரிகையால் பாசியை உரசி எடுக்கவேண்டும். மரத்தில் மேற்பட்டையை மட்டும், பச்சை தெரியக்கூடாது. கல் உள்வரை காய்ந்திருக்கவேண்டும். காலைப் பனி ஏறிய கல்லில் அடித்த நிறம் அடுத்த வருஷம் தோலாக உரியும். அச்சுத்தகட்டை அழுத்திப் பிடித்து, தூரிகையில் நிறத்தைக் குறைவாக எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குக் குத்திக் குத்தி வைக்கவேண்டும். இழுத்தால் தகட்டுக்கு அடியில் கசியும். ஒரு சந்தியைக் கடந்த உடனே, திரும்பிப் பார்க்குமுன், ஒரு அடையாளம் கண்ணில் படவேண்டும். பெரியவர் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். சந்தியில் நின்று, பாதை தெரியாதவராகத் தன்னை நினைத்துக்கொண்டு, முதலில் கண் போகும் இடம் எது என்று பார்ப்பார். நிறம் அங்கே. நமக்கு வசதியான மரம் எதுவென்பது முக்கியமல்ல. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மறுபடி பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் தெரியும் அடையாளம் அரை அடையாளம் என்பார். வெட்டக் குறித்திருக்கும் மரத்தில் அடிக்கக்கூடாது. அளவுக்கு மிஞ்சியும் அடிக்கக்கூடாது. சந்தேகம் வராத இடத்தில் நிறம் இருந்தால், சந்தேகம் வரும் இடத்தில் அதை யாரும் தேடமாட்டார்கள்.

நடக்க வருகிறவர்களுக்குச் சில. இரண்டு நாளாகப் பிரியுங்கள். ப்ருன்னனிலிருந்து ரூட்லிக்குப் படகில் கால் மணி நேரம். கால் புதிதாக இருக்கும்போதே செலிஸ்பெர்க் ஏற்றம் முடிந்துவிடும். பவெனில் பனைவகை மரங்கள் நிற்பதைக் கண்டு நம் ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள். தெற்கிலிருந்து வரும் ஃபியோன் என்ற வெப்பக் காற்றின் தயவு அது. சுவிஸ் தேசிய கீதத்துக்கு இசை அமைத்த அல்பெரிக் ஸ்விஸிக் 1808இல் பிறந்த ஊரும் அதுவே. இஸ்லெட்டனில் ஆல்ஃப்ரெட் நோபல் 1873இல் டைனமைற் தொழிற்சாலை தொடங்கினார். அதைத் தாண்டி ராய்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் தெரியும் சின்னத் தீவுகள், கோட்ஹார்ட் மலைக்குள் சுரங்கம் தோண்டி எடுத்த கல்லைக் கொட்டி உருவாக்கியவை. பாறை வேலை தெரிந்த எவருக்கும் அதைப் பார்க்க மனம் நிறையும். இந்தத் தெற்குப் பகுதி பெரும்பாலும் தட்டை. இரவுத் தங்கலை பவெனிலோ ஃப்ளுவெலனிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கிழக்குக் கரை, ஆக்ஸன் பாறைக்குக் கீழே. 1865இல் வெட்டிய ஆக்ஸன் தெரு இந்தப் பக்கம்தான் போகிறது. இங்கே மலை கல் எறியும். 2019 கோடையில் கும்பிஷ் என்ற இடத்தில் விழுந்த கல்லால் தெருவையே கிழமைக்கணக்கில் மூடினார்கள். பாதையில் மூடல் பலகை நின்றால், “கொஞ்சத் தூரம்தானே” என்று கயிற்றுக்குக் கீழால் குனிந்து போகாதீர்கள். மேலே தளர்ந்திருக்கும் பாறையைப் பார்த்த பிறகுதான் நாங்கள் அந்தக் கயிற்றைக் கட்டுகிறோம். ஃப்ளுவெலனிலும் ஸிஸிக்கோனிலும் ரெயில் நிற்கும், படகும் வரும். அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்கி நடக்கலாம். ஃபியோன் காற்று பலமாக வீசும் நாளில் காட்டுப் பகுதியே வேண்டாம். 1799இல் அல்ட்டோர்ஃப் ஊரை எரித்துத் தீர்த்த நெருப்பு அந்தக் காற்றில்தான் பரவியது. மரங்களை அது எப்படி முறிக்கும் என்று மறுநாள் வாளோடு போகும் எங்களுக்குத் தெரியும். வளைவுகளில் குறுக்கே இறங்காதீர்கள். ஒருவர் இறங்கிய தடத்தில் அடுத்த மழை இறங்கும், அதன் பிறகு நாங்கள் கல் சுமக்கவேண்டும்.

வேலை பழக வருகிறவர்களுக்கு இலையுதிர் காலம் நல்ல காலம். பீச் மரத்து இலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாயாகிவிடும். ஒரு வாய்க்காலை அது அடைத்தால் அடுத்த வாய்க்காலுக்கு இரட்டைத் தண்ணீர் போகும், அது தாங்காது, பிறகு அதற்கடுத்தது. ஆகவே இலை எல்லாம் விழுந்து முடியட்டும் என்று காத்திருக்காமல் மூன்று தரமாக எடுப்போம், எப்போதும் மேலிருந்து கீழாக. கடைசித் தரம் முதல் பனிக்கு முன்னே முடியவேண்டும். வசந்தத்தில் பனி கரையும் தண்ணீர் எங்களைக் கேட்டுக்கொண்டு வராது. கையுறையும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் சொந்தமாகக் கொண்டு வாருங்கள். மண்வெட்டி நாங்கள் தருவோம். வந்த அன்றே உங்கள் உயரத்தை அளந்து, நெஞ்சுக்குச் சரியாக வரும்படி பிடியை வெட்டிக் கொடுப்போம்.